இருபது கிலோமீட்டர் அந்நிய தேசம்

“எல்லை எப்போது வரும், மாமா?” என்று கேட்டான் அந்த இளைஞன். “இப்போதுதான் தாண்டினோம்” என்றேன். அவன் காரின் வேகத்தைக் குறைத்துப் பின்காட்டும் கண்ணாடியில் பார்த்தான். ஒரு பாலம், ஒரு சோதனைச் சாவடி, வரிசையாய்ச் சில கடைகள். அவ்வளவுதான்.

தரங்கம்பாடியிலிருந்து கடற்கரை நெடுஞ்சாலையில் தெற்கே வரும் வண்டி, நண்டலாற்றைக் கடந்து பூவத்தில் காரைக்கால் மாவட்டத்துக்குள் நுழைகிறது; வாஞ்சூரில் வெளியேறி நாகூரைத் தொடுகிறது. இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வெளியூர் வண்டிகள் இங்கே நிற்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தாம்: திருநள்ளாற்றுச் சனி பகவான், தமிழகத்தைவிட மலிவான பெட்ரோல், அதைப் போலவே மலிவான மது. 1954 அக்டோபர் 31 வரை இந்த இருபது கிலோமீட்டரும் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட வெளிநாடு என்பதை, நின்று செல்பவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

காரோட்டி வந்த இளைஞன் என் எதிர்வீட்டு நண்பரின் உறவினன், வயது இருபத்திரண்டு. பிறந்ததும் வளர்ந்ததும் பாரீசுக்கு அருகே. விடுமுறையில் வந்தவன், மூதாதையர் ஊரைத் தானே காரோட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினான். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தான். சாலையின் வலப்புறம் ஓட்டிப் பழகியவன் என்பதால், பக்கத்தில் அமர்ந்து ‘இடப்புறம், இடப்புறம்’ என்று நினைவூட்டும் பொறுப்பு எனக்கு வந்து சேர்ந்தது. அந்த இரண்டு நாள் பயணம் எழுப்பிய சில எண்ணங்களே இக்கட்டுரை.

*

இந்தக் கரைக்கு அந்நியக் கொடிகள் புதியவை அல்ல. தரங்கம்பாடியில் 1620-இலிருந்து டேனியர் இருந்தனர். நாகப்பட்டினத்தை 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றினர். இரண்டுக்கும் நடுவே காரைக்கால் 1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை, ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் கரையில் மூன்று ஐரோப்பியக் கொடிகள் பறந்திருக்கின்றன. தரங்கம்பாடியில் மாட்டுவண்டி பூட்டிய ஒரு வணிகர், நாகப்பட்டினம் போய்ச் சேர்வதற்குள் தஞ்சை மன்னரின் நிலத்தையும் சேர்த்து நான்கு அதிகாரங்களைக் கடந்தாக வேண்டும்.

டேனியர் 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். காரைக்கால் போர்க்காலங்களில் ஆங்கிலேயரிடம் போவதும் திரும்புவதுமாக இருந்து, நெப்போலியப் போர்கள் ஓய்ந்தபின் நிலையாகப் பிரான்சுக்கு மீண்டது. பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, நாற்புறத்தில் மூன்றில் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றில் வங்கக் கடலும் சூழ, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டரில் ஒரு சிறு பிரெஞ்சு நாடு இங்கே இருந்தது. அது பகுக்கப்பட்ட ‘கொம்யூன்’ என்ற சொல் இன்றும் எங்கள் பஞ்சாயத்துகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்களைக் குறிக்கும் ‘சொல்தா’ என்ற சொல்லும் அப்படியே.

எல்லை இருந்ததே தவிர, அது நெடுங்காலம் மக்களை அதிகம் உறுத்தியதாகச் சொல்ல முடியாது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரு பக்கமும் நடந்தது. காவிரியின் கிளையாறுகள் எந்தக் கொடியையும் பார்த்து ஓடவில்லை. அந்தப் பக்கம் மடை திறந்தால்தான் இந்தப் பக்கம் நாற்று நடலாம். 1898-இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு வந்த மீட்டர்கேஜ் ரயில், பிரிட்டிஷ் மண்ணில் புறப்பட்டுப் பிரெஞ்சு மண்ணில் வந்து நின்றது. 1941-இல் ஏற்பட்ட சுங்க ஒன்றியம், பொருள்களுக்கு இருந்த தடையையும் பெருமளவு தளர்த்தியது.

கெடுபிடி வந்தது சுதந்திரத்துக்குப் பின்னர்தான். 1949-இல் இந்தியா அந்தச் சுங்க ஒன்றியத்தை முடித்துக்கொண்டது. அதன்பின் பிரெஞ்சு இந்தியப் பகுதிகளைச் சுற்றிலும் இந்தியச் சுங்கச் சாவடிகள் காவல் நின்றன. நாகூருக்கும் காரைக்காலுக்கும் இடையே போய்வருவது, இரு நாடுகளுக்கு இடையே போய்வருவதாயிற்று. கடத்தல் என்னும் தொழில் செழித்தது. 1954-இன் முற்பகுதியில் விடுதலைப் போராட்டம் முற்றி, பொருள்களும் ஆட்களும் எல்லையைக் கடப்பது மேலும் கடினமாயிற்று.

*

ஒரு வெளிநாட்டைக் காரில் சுற்றுவதற்கு என்ன வேண்டும்? சாலையும் பெட்ரோலும் துணிவும் என்று இளைஞர்கள் சொல்லுவார்கள். உண்மையில் முதலில் வேண்டியது காகிதம்.

ஒரு காரை ஒரு நாட்டுக்குள் ஓட்டிச் செல்வது, சட்டத்தின் பார்வையில் ஒரு விலையுயர்ந்த பொருளை இறக்குமதி செய்வதுதான். அதற்குச் சுங்கவரி கட்ட வேண்டும். ஒவ்வோர் எல்லையிலும் வரி கட்டிக் கட்டுப்படியாகாது என்பதால், ‘கார்னே’ என்னும் பிரெஞ்சுப் பெயராலேயே உலகெங்கும் அறியப்படும் ஒரு சுங்கப் புத்தகம் ஏற்பட்டது. பயணி தன் நாட்டு மோட்டார் சங்கத்தில் பிணைத்தொகை கட்டி இதைப் பெறுகிறார். ஒரு நாட்டுக்குள் நுழையும்போது ஏட்டின் ஒரு பகுதியைக் கிழித்துக்கொள்வார்கள். வெளியேறும்போது மற்றொரு பகுதியைக் கிழித்துக்கொள்வார்கள். வெளியேறிய முத்திரை இல்லையென்றால் கார் அங்கேயே விற்கப்பட்டதாகப் பொருள். வரியைச் சங்கம் கட்ட நேரும். பயணியின் பிணைத்தொகை போய்விடும். ஓட்டுநருக்கான பன்னாட்டு அனுமதிப் புத்தகத்துக்கு 1926-ஆம் ஆண்டின் பாரீஸ் உடன்படிக்கையும் 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும் வழிவகுத்தன. என் இளைஞன் கையிலிருந்த சாம்பல் நிறப் புத்தகம் அந்த வழிவந்ததுதான்.

1953-இல் நிக்கோலா பூவியே என்ற சுவிட்சர்லாந்து இளைஞர், ஜெனீவாவிலிருந்து ஒரு சிறிய ஃபியட் டோப்போலினோ காரில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். வயது இருபத்து நான்கு. அவரைவிடச் சற்றே மூத்த தியரி வெர்னே என்ற ஓவிய நண்பர் யூகோஸ்லாவியாவில் சேர்ந்துகொண்டார். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று ஒன்றரை ஆண்டு. கையில் காசில்லை; வழியில் படம் விற்றும் பாடம் சொல்லிக்கொடுத்தும் பிழைத்தார்கள். ஒரு குளிர்காலம் முழுவதும் தப்ரீஸ் நகரில் தங்கினார்கள். கார் அடிக்கடி படுத்தது. அந்தப் பயணத்தைப் பற்றிப் பூவியே எழுதிய நூல் 1963-இல் வெளிவந்தது. இன்று அது பிரெஞ்சுப் பயண இலக்கியத்தின் செவ்வியல் நூல்களில் ஒன்று. மெல்லச் செல்கிறவனுக்கே நாடு தன்னைக் காட்டும் என்பதை அந்நூல் உணர்த்துகிறது. காரின் பழுதுகள்தாம் அவர்களை ஊர்களில் தங்கவைத்தன.

நூல் முடிவது 1954 டிசம்பரில், கைபர் கணவாயில். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் எங்கள் எல்லை மறைந்திருந்தது. 1954 அக்டோபர் 18-இல் புதுவையை அடுத்த கீழூரில், புதுவை, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். அவர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய ஒப்பினர். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1955-இல் பூவியே தனியாக இந்தியாவில் தெற்கே இறங்கி இலங்கைக்குப் போன காலத்தில், பிரெஞ்சு மொழியில் எழுதிய அந்த இளைஞர் இக்கரையின் வழியே ஓட்டிச் செல்ல முத்திரை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

*

சாலையிலிருந்து எல்லை போய்விட்டது. ஆனால் வீடுகளுக்குள் அது அப்போதுதான் வந்தது.

1956 மே 28-இல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு உடன்படிக்கை, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றைய தினம் இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடியினர் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே நீடிக்க விரும்புவோர் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மணமாகாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் முடிவே தீர்மானிக்கும்; தந்தை இல்லையெனில் தாயின் முடிவு.

இளைஞனின் பூட்டனார் ஒரு சொல்தா. அவர் கையெழுத்திட்டார். வயலைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி கையெழுத்திடவில்லை. அண்ணனின் மகனுக்கு அப்போது பதினாறு வயது, மணமாகவில்லை, அவனை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று உடன்படிக்கையும் சொல்லவில்லை. சில ஆண்டுகளில் அவன் பிரான்சுக்குப் போனான். அவனுடைய பேரன்தான் என் அருகில் காரோட்டிக்கொண்டிருந்தவன். தம்பியின் பேரன் என் எதிர்வீட்டு நண்பர். ஒரே முற்றத்தில் விளையாடிய இரு கிளைகள், அரைப் பக்கக் காகிதத்தால் இரு நாட்டினர் ஆயின. போனவர்கள் கெட்டிக்காரர்கள் என்றும் இருந்தவர்கள் ஏமாளிகள் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இருந்தவர்களே பற்றுள்ளவர்கள் என்ற எதிர்ப்பேச்சும் உண்டு. இரண்டையும் நான் ஏற்பதில்லை. அன்று கையெழுத்திட்டவருக்கு ஓய்வூதியமும் பிள்ளைகளின் எதிர்காலமும் கண்முன் நின்றிருக்கும். இடாதவருக்கு வயலும் வயதான தாயும். இரண்டு பற்றுகளில் எது பெரிது என்று அறுபது ஆண்டுகள் கழித்து நாம் தராசு பிடிப்பது நியாயமாகாது.

சட்டம் இந்த வரலாற்றை முற்றிலும் மறக்கவில்லை. கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டைக்குத் தகுதியுள்ளோரைப் பட்டியலிடும்போது, 1947 ஆகஸ்ட் 15-க்குப் பின் இந்தியாவின் பகுதியான நிலப்பரப்பைச் சேர்ந்தவர்களையும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளையும் நம் குடியுரிமைச் சட்டம் தனியே குறிப்பிடுகிறது. காரைக்காலின் பெயரைச் சொல்லாமல் காரைக்காலைச் சொல்லும் வரி அது.

*

இரண்டாம் நாள் திருநள்ளாற்றுக்குப் போனோம். நளன் சனியின் பிடியிலிருந்து விடுபட்ட தலம் என்பது ஐதிகம். நாடிழந்த நளன் அயோத்தியில் இருதுபன்னனின் தேர்ப்பாகனாக இருந்ததையும், அவனை ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் விதர்ப்ப நாட்டுக்குத் தேரோட்டியதையும் சொன்னேன். வழியில் மன்னனின் மேலாடை நழுவி விழுகிறது. ‘நிறுத்து, எடுக்க வேண்டும்’ என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் தேர் பல காதம் கடந்துவிடுகிறது. புகழேந்தியின் நளவெண்பாவை வகுப்பில் நடத்தும்போது, தேரின் வேகத்தைப் புகழும் இடமாகவே இதை நான் விளக்கி வந்திருக்கிறேன். அன்று அந்த இளைஞன், “அப்படியானால் அந்த மேலாடை என்ன ஆயிற்று?” என்று கேட்டான். நான் இதுவரை கேட்டுக்கொள்ளாத கேள்வி.

மாலையில் வாஞ்சூருக்கு அருகே காரை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். நாகூர்ப் பக்கமிருந்து தமிழகப் பதிவெண் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் வண்டியில் பி.ஒய். 02 என்ற காரைக்கால் பதிவெண். எல்லையின் அடையாளமாக இன்று கண்ணில் படுவது அந்த எண் பலகைகளும் மதுக்கடைகளும்தாம். அவன் இறங்கிச் சாலையின் குறுக்கே சற்று நடந்தான். பிறகு கைப்பேசியில் தாத்தாவை அழைத்தான். எங்கே நிற்கிறாய் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். “வாஞ்சூர்ல, தாத்தா. நீங்க சொன்ன சாவடி இப்ப இல்ல” என்றான். மறுமுனையில் அவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் காருக்குள் அமர்ந்து காத்திருந்தேன்.

இவ்வழியே காரில் செல்லும் நண்பர்கள், பெட்ரோல் போட நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அருகில் உள்ள முதியவர் எவரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். அவர் வீட்டில் யாராவது அன்று கையெழுத்திட்டார்களா என்று கேட்டால் போதும்.