ஸ்டார்லைட் சாலைக்கு வந்த சலங்கை

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான் ஸ்டார்லைட் சாலை. 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம், எல்லோரும் சொல்லும் சிஃபாஸ், அங்கே இருக்கிறது. பரதம் கற்க வரும் பிள்ளைக்கு முதல் நாளே சலங்கை கிடைத்துவிடாது. அரைமண்டி உட்கார்ந்து, தட்டடவில் தொடங்கி ஒவ்வோர் அடவாகக் கால் பழக வேண்டும். சில ஆண்டுகள் கழிந்து சலங்கை பூஜை நடக்கும்; குருவின் கையால் வாங்கிய பிறகே கட்டலாம். பட்டையில் வரிசை வரிசையாகத் தைத்த மணிகள் அவை. தாளம் இம்மி பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தச் சலங்கை நடந்து வந்த தூரம் அதிகம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்தான். அவர்கள் பெயர்கள் இன்னும் கல்லில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள் அலாரிப்பு முதல் தில்லானா வரை கச்சேரியை முறைப்படுத்தினார்கள். அதைக் காலில் சுமந்தவர்கள், பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் மரபில் வந்த பெண்கள். வீடே பள்ளிக்கூடம்: பாட்டியும் அம்மாவும் பாடுவார்கள், நட்டுவனாரின் தட்டுக்கழி ஓயாது. வீணை தனம்மாளின் பேத்தி பாலசரஸ்வதி, கந்தப்பப் பிள்ளையிடம் கற்று, 1925இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியது அப்படித்தான்.

பெண்கள் வீட்டிலேயே வளர்த்த கலை ஜப்பானிலும் உண்டு. கியோட்டோவின் கெய்ஷா வீடுகளிலும் தலைவி பெண்தான். மைக்கோ என்னும் பயிற்சிப் பெண் மூத்தவளை அக்காவாக ஏற்று, நடனம், ஷமிசென் இசை, தேநீர்ச் சடங்கு என்று பல ஆண்டுகள் கற்கிறாள். புதியவளின் உயர்ந்த மரச்செருப்புக்குள் சிறு மணி ஒன்று ஒலிக்கும். கடனும் புரவலர் பிடியும் சுரண்டலும் அங்கேயும் இருந்தன. ஆனால் கலை அந்தப் பெண்களின் கையைவிட்டுப் போகவில்லை. 1872இல் தொடங்கிய ‘மியாகோ ஒதோரி’ நடன விழா மேடையில் இன்றும் ஆடுபவர்கள் ஜியோன் பகுதிக் கெய்ஷாக்களும் மைக்கோக்களுமே.

நம்மிடம் நடந்தது வேறு. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். 1947இல் அதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தியது முழு நியாயம். ஆனால் வழக்கத்தை ஒழித்தபோது, அந்தப் பெண்களையும் மேடையிலிருந்து இறக்கிவிட்டோம். அது அநியாயம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள் பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் கற்றுக்கொடுத்தவர். அந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்த ருக்மிணி தேவி 1935இல் அடையாறில் ஆடினார். மறு ஆண்டு அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. கௌரி அம்மாளின் கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது.

சிங்கப்பூருக்குச் சலங்கை பல கைகள் வழியாக வந்தது. கே.பி. பாஸ்கர் 1952இல் இங்கே நடனப் பள்ளி தொடங்கினார். பின்னர் மனைவி சாந்தா பாஸ்கர் சேர்ந்தார். இலங்கையில் பிறந்து கலாக்ஷேத்ராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம், கணவர் சத்தியலிங்கத்துடன் 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸை நிறுவினார். நீலாவின் வழியில் இரண்டு படி பின்னால் போனால் கௌரி அம்மாள் நிற்கிறார்.

சலங்கை பூஜை அழைப்பிதழ்களில் குருவுக்கும் குருவின் குருவுக்கும் நன்றி அச்சிடுகிறோம். ஃபேரர் பார்க்கில் பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்துச் செல்லும் பெற்றோரே, ஆசிரியர்களே, அடுத்த அழைப்பிதழில் கௌரி அம்மாள் பெயரையும் சேருங்கள். அவர் யார் என்று பிள்ளை கேட்டால், எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.