திருச்சபையா? மனச்சாட்சியா?

ஒரு கிறிஸ்தவர் எதை நம்ப வேண்டும் என்பதை முடிவு செய்வது யார்? திருச்சபையா? வேதநூலா? அவரவர் மனச்சாட்சியா? ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பு மேற்கு ஐரோப்பாவைப் பிளந்த கேள்வி இது. அன்று மூன்று அறிஞர்கள் இதற்கு மூன்று விதமாக விடை கண்டனர். மூவருமே பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். திருச்சபையில் சீர்கேடுகள் புகுந்துவிட்டன என்பதையும் மூவரும் அறிந்திருந்தனர்.

வேதமே இறுதி என்றவர்

முதலாமவர் மார்ட்டின் லூதர். ஜெர்மனியின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் இறையியல் போதித்த துறவி. ரோமில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டப் பணம் திரட்டுவதற்காக, பாவத்திற்கான தண்டனையைக் குறைக்கும் சலுகைச் சீட்டுகள் அப்போது விற்கப்பட்டன. இதைக் கண்டித்து 1517 அக்டோபர் 31ஆம் நாள் 95 கருத்துரைகளைப் பேராயருக்கு அனுப்பினார் லூதர். அச்சு இயந்திரம் அவற்றை ஊர் ஊராகக் கொண்டு சென்றது.

1520இல் போப்பாண்டவர் பத்தாம் லியோ, லூதரின் 41 கருத்துகளைக் கண்டித்து, அவற்றைக் கைவிட 60 நாள் கெடு விதித்தார். லூதரோ அந்த ஆணையைத் தீயிலிட்டார். 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் பேரரசர் ஐந்தாம் சார்லசின் முன் அவர் நிறுத்தப்பட்டார். ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள், வேதநூலோ தெளிவான நியாயமோ தம்மைத் தவறென்று காட்டினாலன்றி எழுதியதைத் திரும்பப் பெற இயலாது என்று கூறிவிட்டார்.

உள்ளிருந்தே திருத்த நினைத்தவர்

இரண்டாமவர் நெதர்லாந்தில் பிறந்த இராஸ்மஸ். 1516இல் அவர் பதிப்பித்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் மறுபதிப்பைக் கொண்டுதான் லூதர் ஜெர்மன் மொழிபெயர்ப்பைச் செய்தார். குருமாரின் பேராசையை இராஸ்மசும் கடுமையாகக் கிண்டல் செய்தவரே. ஆனால் திருச்சபையை உடைக்க அவர் விரும்பவில்லை. மனிதனுக்குச் சுதந்திர சித்தம் உண்டா என்பதில் 1524இல் லூதரை எதிர்த்து எழுதினார். மறு ஆண்டே லூதர் பதிலடி கொடுத்தார். நடுவில் நின்ற இராஸ்மசை இரு தரப்பும் சந்தேகித்தன. அவர் இறந்து 23 ஆண்டுகளுக்குப் பின், 1559இல், ரோம் அவருடைய நூல்களையே தடை செய்தது.

உயிரைக் கொடுத்தவர்

மூன்றாமவர் இராஸ்மசின் உயிர் நண்பர், இங்கிலாந்தின் தாமஸ் மோர். திருச்சபையின் ஒருமைப்பாடே பெரிது என்றவர். அவர் தலைமை அமைச்சராக இருந்த காலத்தில், 1529க்கும் 1532க்கும் இடையே, மாற்றுக் கொள்கை கொண்டவர்கள் தீயிலிடப்பட்டனர். பிறகு காலம் திரும்பியது. 1534இல் மன்னர் எட்டாம் ஹென்றி தம்மையே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவராக்கிக் கொண்டார். அதை ஏற்றுச் சத்தியம் செய்ய மோர் மறுத்தார். 1535 ஜூலை 6ஆம் நாள் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. பிறருடைய மனச்சாட்சிக்கு இடம் தராதவர், தம் மனச்சாட்சிக்காகவே உயிர்விட்டார்.

லூதரின் வழியும் சிக்கலின்றி இருக்கவில்லை. வேதநூலே போதும் என்றால், அதற்குப் பொருள் சொல்வது யார்? 1529இல் மார்பர்க் நகரில் லூதரும் சுவிட்சர்லாந்தின் சுவிங்லியும் சந்தித்தனர். இராப்போஜன அப்பத்தில் கிறிஸ்து எவ்வாறு இருக்கிறார் என்பதில் உடன்பாடு காணாமலே பிரிந்தனர். 1555இல் ஏற்பட்ட ஆக்ஸ்பர்க் உடன்படிக்கையோ, கத்தோலிக்கமா லூதரன் நெறியா என்பதை அந்தந்த நாட்டு ஆட்சியாளரின் விருப்பத்திற்கு விட்டது. குடிமக்களின் மனச்சாட்சியை யாரும் கேட்கவில்லை.

அதே ஆக்ஸ்பர்க் நகரில், 1999 அக்டோபர் 31ஆம் நாள், மீட்பு இறையருளால் கிடைப்பது என்ற அடிப்படையில் கத்தோலிக்கரும் லூதரன் சபையினரும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். போப்பாண்டவரின் அதிகாரம் பற்றிய வேறுபாடு தீரவில்லை. ஆயினும் கருத்து வேறுபட்டவரை எரிக்காமல், அவரோடு ஒரே மேசையில் அமர்ந்து பேச முடிந்திருக்கிறது. அந்த நிலைக்கு வர ஏறத்தாழ 480 ஆண்டுகள் ஆயின.