காலை நீட்டி ஒரு சவாரி

மாசி மகம் வந்தால் ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கடலாடக் கிளம்பிவிடுவார். சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் கிள்ளை வரை பயணம். கிள்ளையில் இஸ்லாமியர்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வது பழைய வழக்கம். சுவாமிக்கு அவசரமே கிடையாது. நின்று, நிதானித்து, ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு போவார்.

இப்படி நிதானமாகப் போவதற்கென்றே மோட்டார் சைக்கிளிலும் ஒரு ரகம் உண்டு. பெயர், க்ரூஸர். தாழ்ந்த சீட். உங்களை நோக்கி வளைந்து வரும் ஹேண்டில்பார். முன்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட். சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டினால் எப்படி இருக்கும்? அதுதான்!

பார்த்தவுடன் ஆசை வரும். தப்பில்லை. ஆனால் அது உங்களுக்கு, உங்கள் சாலைக்கு ஒத்துவருமா? பதில் தெரிய வேண்டுமென்றால் முதலில் அந்த வண்டி எந்தச் சாலையில் பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

பிறந்த வீடு அமெரிக்கா. 1903-ல் மில்வாக்கி நகரத்தில் ஹார்லி டேவிட்சன் தொடங்கியது. அந்த ஊர்ச் சாலைகள் எப்படி? நூல் பிடித்த மாதிரி மைல் கணக்கில் நீளும். வளைவு குறைவு. குறுக்கே மாடு வராது. ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போக வேண்டும். அதற்குத் தேவை, கதறாமல் மெதுவாகச் சுற்றினாலும் இழுக்கிற பெரிய இன்ஜின். கால் நீட்ட இடம். 1969-ல் 'ஈஸி ரைடர்' திரைப்படம் வந்தது. நீட்டி முழக்கிய மோட்டார் சைக்கிள்மீது இளைஞர்களுக்குப் பித்துப் பிடித்தது. 1971-ல் 'சூப்பர் க்ளைடு' மூலம் ஹார்லியே அந்த ஸ்டைலைத் தொழிற்சாலையிலிருந்து விற்க ஆரம்பித்தது.

ஜப்பான்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே உருவத்தில் வண்டிகளை இறக்கினார்கள். ஹார்லி தள்ளாடியது. 1983-ல் அதிபர் ரீகன், 700 சி.சி.க்கு மேற்பட்ட வெளிநாட்டு வண்டிகளுக்கான வரியை 4.4 சதவிகிதத்திலிருந்து ஒரேயடியாக 49.4 சதவிகிதமாக ஏற்றினார். ஜப்பான்காரர்கள் என்ன செய்தார்கள்? இன்ஜினை 700-க்குக் கொஞ்சம் கீழே இறக்கி, அதே ஸ்டைலில் விற்றார்கள்!

1985-ல் ஹோண்டா இன்னும் ஒரு படி இறங்கியது. 'ரெபெல்' வந்தது. வெறும் 234 சி.சி. உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் பதியும். அமெரிக்காவில் புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் இந்த வண்டிக்கு இடம் கிடைத்தது. ஆக, சின்ன க்ரூஸரின் பெருமை வேகமல்ல. பயம் இல்லாமல் ஏறி உட்காரலாம் என்பதுதான்.

நம் ஊருக்கு அது வந்தது 2001-ல். பஜாஜும் கவாஸாகியும் சேர்ந்து 175 சி.சி.யில் 'எலிமினேட்டர்' கொண்டுவந்தார்கள். அழகு சரி, விலை இடித்தது. 2002-ல் யமஹா 'என்டைசர்', 125 சி.சி. ரகத்தில். அதே வருடம் நம்ம சென்னை ராயல் என்ஃபீல்டின் 'தண்டர்பேர்ட்'. 2005-ல் பஜாஜ் ஒரு வியாபார வித்தை செய்தது. எலிமினேட்டரின் உடம்பில் பல்சர் 180-ன் இன்ஜினைப் பொருத்தி, விலையைக் குறைத்து, 'அவெஞ்சர்' என்று பெயர் வைத்தது. அது பல வருடம் ஓடியது. பிறகு 2017-ல் சுஸுகி 'இன்ட்ரூடர்', 2020-ல் ராயல் என்ஃபீல்டு 'மீட்டியார் 350'.

கவனியுங்கள். இன்ஜின் நம் ஊருக்குத் தக்கபடி சுருங்கியது. உடம்பு மட்டும் அமெரிக்கச் சாலையின் நினைவோடே இருக்கிறது. சிக்கலும் அங்கேதான்.

அவெஞ்சரின் இரு சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்ப்ளெண்டரைவிடக் கிட்டத்தட்ட கால் மீட்டர் அதிகம். இந்த நீளம், நேர்ச்சாலையில் வண்டியைத் தண்டவாளத்தில் போவதுபோல வைத்திருக்கும். கடைத்தெருவில் திருப்பும்போதோ, ஒரே வீச்சில் திரும்பாது. கால் முன்னால் இருப்பதால், பள்ளம் வரும்போது ஃபுட்ரெஸ்டை ஊன்றி எழுந்துகொள்வது சிரமம். குலுங்கல் அத்தனையும் நேராக முதுகெலும்புக்குப் போகும். நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால் 80, 90-ஐத் தாண்டினால் எதிர்காற்று நெஞ்சில் மோதும். மீட்டியார் 191 கிலோ. பஞ்சர் ஆனால் தள்ளப்போவது நீங்கள்தான்!

இப்போது ஸ்ரீமுஷ்ணத்துக்கு வாருங்கள். சேத்தியாத்தோப்பு வழியோ, காட்டுமன்னார்கோவில் வழியோ, சிதம்பரம் போகிறீர்கள். நல்ல தார்ச்சாலை கிடைக்கிற இடத்தில், 60-ல், இரண்டு பக்கமும் பச்சை வயல் பார்த்தபடி... சும்மா சொல்லக்கூடாது, க்ரூஸர் சொர்க்கம்! அடுத்த ஊரில் வேகத்தடை. அதற்கடுத்து கரும்பு டிராக்டர். அறுவடைக் காலமென்றால் ரோட்டிலேயே நெல் காயும். ஒடித்து, நிறுத்தி, மறுபடி கிளப்பி... அங்கே 100 சி.சி. வண்டிக்காரர் உங்களை முந்திப் போய்க்கொண்டே இருப்பார்.

அதனால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் உங்களையே கேளுங்கள். தினமும் ஓட்டுவது கடைத்தெருவிலா, வெளிச்சாலையிலா? முந்தினால்தான் திருப்தியா, மெதுவாகப் போய்ச் சேர்ந்தாலும் சரியா? பின்னால் உட்காரப்போவது யார்? உர மூட்டை ஏற்ற வேண்டுமா? முக்கியமாக, வீட்டுக்கு இதுதான் ஒரே வண்டியா?

வெளிச்சாலை, நிதானம், மூட்டை கிடையாது என்றால் தாராளமாக வாங்குங்கள். உயரம் குறைந்தவர்கள், பெரிய வண்டி என்றால் தயங்குபவர்கள் - உங்களுக்கு இதைவிடத் தோதான சீட் கிடைப்பது கஷ்டம். கடைத்தெருவும் மூட்டையும்தான் வாழ்க்கை, வீட்டில் வேறு வண்டியும் இல்லை என்றால் வேண்டாம். அழகுக்காக வாங்கினால் தவணை முடிவதற்குள் முதுகுவலி வந்து சேரும்.

நடுவில் நிற்கிறீர்களா? டெஸ்ட் ரைடு கேளுங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது. வீட்டுக்காரரையோ வீட்டுக்காரம்மாவையோ பின்னால் உட்கார வைத்து, ஊரிலேயே மோசமான ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். குறுகலான தெருவில் திருப்பிப் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். இறங்கியதும் பின்னால் உட்கார்ந்தவரிடம் அபிப்பிராயம் கேளுங்கள். அவர் 'சரி' என்றால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.