தபாலில் கார்டு அனுப்பினால் ஆட்டோகிராஃப் வருமா? அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களின் 'டி.டி.எம்.' பழக்கம்... எப்படி நடக்குது?

மைதானத்துக்குப் போக வேண்டாம், ஹோட்டல் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம். பிடித்த வீரரின் படம் போட்ட கார்டை ஒரு கடிதத்தோடு தபாலில் அனுப்பினால், அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் பல தலைமுறைகளாகச் செய்து வரும் வேலை இது. 'த்ரூ தி மெயில்' என்பதைச் சுருக்கி 'டி.டி.எம்.' என்பார்கள். பெரும்பாலும் செலவு இரண்டு ஸ்டாம்ப்தான். ஆனால் போன கார்டு திரும்பி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

கவருக்குள் என்ன இருக்கணும்?

மூன்றே பொருள்தான்: கார்டு, கடிதம், சொந்த முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய இன்னொரு கவர். பத்திரிகைக்குச் சிறுகதை அனுப்பியவர்களுக்கு இந்த 'சுயமுகவரியிட்ட உறை' நன்றாகவே தெரியும். அது இல்லாமல் பதிலை எதிர்பார்ப்பது வீண். இந்தியாவில் இருந்து முயற்சி செய்பவர்கள் அதில் இந்திய ஸ்டாம்ப் ஒட்டினால் பயனில்லை. அமெரிக்காவில் இருந்து புறப்படும் தபாலுக்கு அமெரிக்க ஸ்டாம்ப்தான் வேண்டும்.

பளபளப்பான கார்டில் மை பிடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். அதனால் கொஞ்சம் பேபி பவுடர் தேய்த்துத் துடைத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். கார்டு மடங்காமல் இருக்க மெல்லிய அட்டை போதும். கெட்டியான பிளாஸ்டிக் உறையில் போட்டால் கவர் வளையாது, தபால் கட்டணம் கூடிவிடும்.

கடிதம் சுருக்கமாக, கையால் எழுதியதாக இருந்தால் நல்லது. எந்த ஆட்டம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி சொன்னால் போதும். கார்டு ஒன்று அல்லது இரண்டு. கட்டாக அனுப்பினால், 'விற்கத்தான் கேட்கிறார்' என்று வீரருக்குத் தோன்றிவிடும்.

எப்போ அனுப்பணும்?

பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் சீசன். அப்போது மேஜர் லீக்கின் 30 அணிகளில் 15 புளோரிடாவிலும் 15 அரிசோனாவிலும் பயிற்சி முகாமில் இருக்கும். வீரர்கள் ஒரே இடத்தில் தங்கியிருப்பதால் கடிதம் கைக்குப் போய்ச் சேர வாய்ப்பு அதிகம். 162 ஆட்டங்கள் கொண்ட முக்கிய சீசன் தொடங்கிவிட்டால் ஊர் ஊராகப் பயணம்தான். பதில் சில வாரங்களில் வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம்.

யார் பதில் போடுவாங்க?

சூப்பர் ஸ்டார்களுக்குக் கடிதம் மூட்டை மூட்டையாக வரும், பதில் கிடைப்பது அபூர்வம். இப்போதுதான் மேலே வரும் இளம் வீரர்களும், ஓய்வு பெற்றவர்களும்தான் நம்பிக்கை. ஓய்வு பெற்றவர்களில் சிலர் கட்டணம் கேட்பதும், அதை அறக்கட்டளைக்குக் கொடுப்பதும் உண்டு. 573 ஹோம் ரன் அடித்த ஹார்மன் கில்லிப்ரூ, ரசிகருக்குப் போடும் கையெழுத்து படிக்கிற மாதிரி இருக்கணும் என்று மினசோட்டா ட்வின்ஸ் அணியின் இளம் வீரர்களிடம் வலியுறுத்தி வந்தவர்.

வந்த கையெழுத்து ஒரிஜினலா?

இங்கேதான் சிக்கல். உதவியாளர் போட்டிருக்கலாம், ரப்பர் ஸ்டாம்பாக இருக்கலாம், 'ஆட்டோபென்' இயந்திரம் எழுதியிருக்கலாம். ஒரே வீரரின் இரண்டு கையெழுத்துகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்து, கோட்டுக்குக் கோடு பொருந்தினால் சந்தேகப்பட வேண்டும். மனிதக் கை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதாது.

பணத்துக்காக மோசடி செய்பவர்கள் தனி ரகம். 1990-களின் இறுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில், அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகூட சிக்கியது!

பி.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்தை ஆராய்ந்து சான்று தருகின்றன. ஆனால் தபாலில் வந்த கையெழுத்துக்கு நேரில் பார்த்த சாட்சி கிடையாது. போதாக்குறைக்கு, விற்கக் கூடாது என்பதற்காகவே ரசிகரின் பெயரைச் சேர்த்து எழுதும் வீரர்களும் இருக்கிறார்கள். லாபத்துக்காக இறங்குபவர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

கடைசியா ஒண்ணு...

விலை உயர்ந்த கார்டையோ, அப்பா சேர்த்து வைத்த பழைய கார்டையோ அனுப்பவே கூடாது. தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற கார்டுதான் தபால் பெட்டிக்குள் போகணும். அந்த வீரரின் கார்டு கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கலாம். உங்கள் பெயர் எழுதி அவர் கையெழுத்துப் போட்டது உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.