வான்கோழி காட்டுக்குத் திரும்பிய கதை

மூதுரை படித்த நம் மாணவர்களுக்கு வான்கோழி என்றாலே ஒரு இளக்காரம். மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் ஆட நினைத்த பறவை என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். இன்று நாம் வான்கோழி என்று அழைக்கும் பறவையின் தாயகம் வட அமெரிக்கா. அந்தக் காடுகளில் மயிலே கிடையாது. அப்படியென்றால் அது யாரைப் பார்த்துக் காப்பியடித்திருக்கும்? வாலை விசிறி போல விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசிக்கொண்டு சேவல் நடப்பது அதன் சொந்த ஆட்டம். இளவேனிற்காலத்தில் பெட்டைகளைக் கவர அப்படி ஆடுகிறது. மனிதன் அதை வேட்டையாடக் கற்றதும் அந்த ஆட்டத்தை வைத்துத்தான்.

பெயரையும் பார்த்துவிடுவோம். மெக்சிகோவின் பூர்வகுடிகள் பழக்கி வளர்த்த இந்தப் பறவையை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் குழப்பம். ஆங்கிலேயர் துருக்கியின் பெயரை வைத்தார்கள், துருக்கியரோ ‘ஹிந்தி’ என்கிறார்கள். மலாய்மொழியில் ‘ஆயாம் பெலாண்டா’, அதாவது டச்சுக்காரர் கோழி! 1612இல் கோவாவிலிருந்து முகலாய மன்னர் ஜஹாங்கீரிடம் ஒரு வான்கோழி வந்து சேர்ந்தது. அவர் வியந்துபோய், ஓவியர் மன்சூரை அதை வரையச் சொன்னார். கடல்வழி வணிக வரலாற்றை நடத்தும் ஆசிரியர்களுக்கு இந்த ஒரு பறவையே போதும்.

சரி, காட்டுக்கு வருவோம். ஐரோப்பியர் குடியேறிய பிறகு இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. ஒரு பக்கம் விவசாயத்துக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. இன்னொரு பக்கம் சந்தையில் விற்பதற்காக, ஆண்டு முழுவதும், சேவல் பெட்டை என்று பாராமல் சுட்டுத் தள்ளினார்கள். 1813வாக்கில் கனெக்டிகட் மாநிலத்தில் காட்டு வான்கோழி இல்லை. மாசசூசெட்ஸில் கடைசிப் பறவை 1851இல் கொல்லப்பட்டது. எஞ்சியவை மனிதன் எளிதில் போக முடியாத மலைகளிலும் சதுப்புநிலங்களிலும் ஒதுங்கின. போதாததற்கு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பூஞ்சை நோய் அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்களை அழித்தது. அதன் கொட்டைகள் வான்கோழிக்கு முக்கிய இரை.

இந்த இடத்தில் மாணவர்கள் கட்டுரையில் வழக்கமாக எழுதும் ஒரு வாக்கியம் உண்டு: ‘அரசாங்கம் வேட்டையைத் தடைசெய்தது, பறவை பெருகியது.’ அவ்வளவு சுலபமாக நடக்கவில்லைங்க. 1900இன் லேசி சட்டம், களவாகப் பிடித்த விலங்குகளையும் பறவைகளையும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தடுத்தது. அது சந்தை வேட்டையின் முதுகெலும்பில் விழுந்த அடி. ஆனால் பறவைகள் உடனே திரும்பிவிடவில்லை, பணமும் காடும் வேண்டியிருந்தன. 1937இல் அதிபர் ரூசவெல்ட் கையெழுத்திட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வாங்கும் வரியை வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கியது. ஆக, வேட்டைக்காரரின் பணம்தான் பெருமளவுக்கு இந்த மீட்புக்கு உதவியது. கைவிடப்பட்ட பண்ணைகளில் காடு தானாகவே வளர்ந்ததும் சேர்ந்துகொண்டது.

முதலில் ஒரு தவறான வழியில் போனார்கள். பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்த்து, காட்டில் விட்டார்கள். அவை நரிக்கும் பருந்துக்கும் இரையாகித் தீர்ந்தன. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தாய்க்கோழியிடம் கற்காத பறவை காட்டில் எப்படிப் பிழைக்கும்? நிஜக் காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு இடத்தில் விட வேண்டும். ஆனால் அவற்றின் கண் அவ்வளவு கூர்மை, பொறியில் சிக்காது. 1951இல் தென் கரோலினாவில் பீரங்கி வலையைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இரை தூவிய இடத்தின் மேல், சிறு பீரங்கிகள் ஒரு பெரிய வலையை நொடியில் வீசிவிடும். அதோடு கதை திரும்பியது. மாசசூசெட்ஸில் 1972-73இல் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்த 37 பறவைகளை விட்டார்கள். இன்று அங்கே நகரத் தெருக்களிலேயே வான்கோழி நடந்து திரிகிறது, சில சமயம் ஆட்களைத் துரத்துகிறது. நாடு முழுவதும் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது.

மீண்டும் வேட்டையாட அனுமதித்தபோது வைத்த நிபந்தனையைக் கவனியுங்கள். மிசூரி மாநிலம் 1937இல் நிறுத்திய வேட்டையை 1960இல் திறந்தது. இளவேனிலில், வெறும் 3 நாள். கிடைத்தவை 94 பறவைகள். ஏன் இளவேனில்? ஏன் சேவல் மட்டும்? ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். அதன் பிறகு தரையில் கூடு கட்டுவது, 28 நாள் அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் பெட்டையின் வேலை, சேவலுக்கு அதில் பங்கே இல்லை. ஆகவே இனச்சேர்க்கைக்குப் பின் சில சேவல்கள் போனாலும் அடுத்த தலைமுறை பாதிக்காது என்பது கணக்கு. மார்பில் தாடி போலத் தொங்கும் இறகுக் கற்றைதான் அடையாளம். அண்மைக் காலத்தில் தென்கிழக்கில் பறவைகள் குறைந்ததால், சேவல்கள் சேர்வதற்கு முன்பே சுடப்படுகின்றனவோ என்ற கவலையில் சில மாநிலங்கள் வேட்டைப் பருவத்தைத் தள்ளி வைத்துள்ளன. கணக்கு எல்லாக் காலத்துக்கும் ஒன்றாக இருக்காது அல்லவா?

வேட்டை விடியலுக்கு முன்பே தொடங்கும். மரத்தில் அடைந்திருக்கும் சேவல் இருட்டிலேயே குரல் கொடுக்கும். இயல்பில் பெட்டைதான் அந்தக் குரலைத் தேடிப் போகும். வேட்டைக்காரர் இதைத் தலைகீழாக்குகிறார். மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பெட்டையின் குரலை எழுப்பி, சேவலைத் தன்னிடம் வரவழைக்கிறார். மரப்பெட்டியில் உரசி ஒலி எழுப்பும் கருவிக்கு 1897இல் காப்புரிமை வாங்கப்பட்டது. சிவப்பு, வெள்ளை, நீல உடை கூடாது, சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். இன்னொருவர் தவறாகச் சுட்டுவிடலாம்.

பறவை விழுந்ததும் தாமதிக்கக் கூடாது. இளவேனில் வெயில் ஏறுவதற்குள் குடலை எடுத்து, கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையையும் நீக்கி, குளிரவைக்க வேண்டும். தோலோடு சமைப்பதென்றால் கொதிக்காத சுடுநீரில் முக்கி இறகு பிடுங்குவார்கள், அவசரக்காரர்கள் தோலையே உரித்துவிடுவார்கள். இந்தப் பருவத்துச் சேவலின் மார்பில் கொழுப்புப் படலம் ஒன்று இருக்கும். ஆட்டம் ஆடுவதிலேயே கவனமாக இரை மறந்து திரியும் நாட்களுக்கு அதுதான் சேமிப்பு. சமைப்பவர் அதை வெட்டி எறிவார். மற்றபடி கொழுப்பு குறைவு என்பதால் மார்புக்கறியை உப்புநீரில் ஊறவைப்பார்கள். உள்சூடு 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் நார் நாராகிவிடும். காட்டில் ஓடிய கால் அப்படி வேகாது. தசைநார்கள் நிறைந்தது, சிறுதீயில் மணிக்கணக்காக வேக வேண்டும். இறக்கை எலும்புகளைச் சிலர் எறிவதில்லை. வேகவைத்துச் சுத்தம் செய்து, மூன்றை ஒன்றோடொன்று செருகி ஒட்டுவார்கள். வாயில் வைத்து உறிஞ்சினால் பெட்டையின் குரல் வரும். பூர்வகுடிகள் கண்ட அந்தக் கருவியோடுதான் இன்றும் பலர் அடுத்த இளவேனிலில் காட்டுக்குப் போகிறார்கள்.