பசியை அறியாத உடல்

பசிக்கிறதா என்று ஒருவரைக் கேட்டால், தம் உடல் தெரிவிப்பதையே அவர் விடையாகக் கூறுகிறார் என்று நாம் நம்புகிறோம். உணவிருந்தும் உண்ணாது உருக்குலையும் இளையோரைப் பற்றிய மருத்துவ வரலாற்றைப் பயின்றால் இந்நம்பிக்கை சற்றே ஆட்டங்காணும்.

1689-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன், உடல் தேயும் நோய்களைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் 18-ஆம் வயதில் நோயுற்ற ஒரு பெண்ணின் வரலாறு வருகிறது. காய்ச்சலில்லை, இருமலில்லை, எலும்புந் தோலுமாயிருந்தும் அவள் ஓயாது நூல்களைப் படித்துக்கொண்டிருந்தாள். மருந்தை வெறுத்து நிறுத்தினாள்; மூன்று திங்களில் மயங்கி மாண்டாள். மனக்கவலையே காரணம் என்று மார்ட்டன் அன்றே எழுதினார். அவர் குறிப்பிட்ட மற்றொரு நோயாளி 16 வயதுச் சிறுவன். பின்வந்தோர் இந்நோயைப் பெண்களுக்கே உரியதாகக் கருதி, அச்சிறுவனைப் பெரும்பாலும் மறந்தனர்.

1873-இல் பாரிஸில் லாசேக்கும் லண்டனில் வில்லியம் கல்லும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். கல் இதற்கு 'அனொரெக்ஸியா நெர்வோஸா', அதாவது நரம்பு வழிப்பட்ட பசியின்மை, என்று பெயர் சூட்டினார். 82 பவுண்டு எடைக்கு மெலிந்த 17 வயது நங்கை ஒருத்தி சோர்வே அறியாது நடமாடியதைக் கண்டு அவர் வியந்தார். தமக்கு நோயே இல்லை என்று இத்தகையோர் அமைதியாகச் சொல்வதை லாசேக் கண்டார். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் அது பொருந்தாப் பெயர் என்பதே நம் எண்ணம். பசி அங்கு இல்லாமற் போகவில்லை.

1914-இல் பிட்யூட்டரி சுரப்பி அழிவதாலும் உடல் தேயும் என்று ஸிம்மண்ட்ஸ் கண்டறிந்தபின், மருத்துவர் பலர் மனத்தை விட்டுச் சுரப்பியைத் தேடிச் சென்றனர். சில பத்தாண்டுகள் அவ்வாறே கழிந்தன.

திருப்பத்தை உண்டாக்கியவர் ஹில்டே புரூக் அம்மையார். 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறிய இவர், பின்னர் அமெரிக்காவில் பருத்த குழந்தைகளை ஆராய்ந்தவர். மிகுதியாக உண்போரும் உண்ண மறுப்போரும் ஒரே குறையால் வருந்துவதை அவர் கண்டார்: உடலிலிருந்து எழும் குறிப்பு பசியா, களைப்பா, துயரமா என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. 1962-இல் எழுதிய கட்டுரையில் இக்குழப்பத்தோடு, தன் உருவத்தைத் தவறாகக் காண்பதையும், எதையும் தன்னால் செய்ய இயலாது என்னும் உணர்வையும் அவர் இணைத்தார். குழந்தையின் அழுகையைத் தாய் தவறாகப் புரிந்துகொள்வதே இதற்கு மூலம் என்றும் கருதினார். அதனால் தாய்மார் பலர் வீண்பழி சுமந்தனர். பிறவிக்கூறுகளுக்கும் இதிற் பெரும்பங்குண்டு என்பது இன்று தெளிவு.

1973-இல் ஸ்லேடும் ரஸ்ஸலும் இருட்டறையில் இரு விளக்குகளை நகர்த்தித் தம் உடலின் அகலத்தைக் காட்டுமாறு நோயாளிகளைக் கேட்டனர். மரக்கட்டைகளின் அகலத்தைச் செம்மையாகக் காட்டியவர்கள், தம் உடலின் அகலத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினர். கண்ணிற் பழுதில்லை. நோயற்றோரிடமும் இப்பிழை ஓரளவு உண்டென்று பிற்கால ஆய்வுகள் கூறின.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. மனநோய்களுள் உயிரிழப்பு மிகுந்தவற்றில் இதுவும் ஒன்று. அவ்விறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தற்கொலை என்று 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தனர். உடலின் குரல் மங்கியவர்க்குத் தம் துயரின் குரலும் மங்குகிறதா என்பதை ஆய்வாளர் இன்று இதயத்துடிப்பை எண்ணச்சொல்லிச் சோதிக்கின்றனர். முடிவுகள் ஒருமித்து வரவில்லை. ஆயினும் ஸ்லேடும் ரஸ்ஸலும் கண்ட ஒன்று நம்பிக்கை தருவது: நோயாளிகளின் எடை ஏறியபோது, விளக்குகளுக்கிடையே அவர்கள் காட்டிய அகலம் உண்மையை நெருங்கி வந்தது.