கடைசி ஆம்பியர் யாருக்கு?

கப்பலில் மின் அதிகாரியாகப் பணியாற்றியவன் நான். ஜெனரேட்டர்கள் அத்தனையும் நின்றுபோனாலும் அவசர விளக்கையும் ரேடியோவையும் காப்பது பேட்டரிதான் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதனால் 1968-இன் கோல்டன் குளோப் போட்டியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் கவனம் புயலைவிட பேட்டரிகளின் மேலேயே நிற்கும். கரை தொடாமல், துணையில்லாமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்ற ஒன்பது பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் ஒருவர்.

அதற்கு எழுபது ஆண்டு முன்னால், 1898-இல், ஜோஷுவா ஸ்லோகம் தனியாக உலகைச் சுற்றி முடித்தார். அவர் படகில் எரிந்தது எண்ணெய் விளக்கு. கஸ்தோன் பிளாண்டே 1859-லேயே ஈய பேட்டரியைச் செய்துவிட்டார். ஆனால் நடுக்கடலில் அதற்கு சார்ஜ் ஏற்ற வேண்டுமே! 1968-இன் படகோட்டிகளுக்கு அந்த வேலைக்குக் கிடைத்தது சின்ன எஞ்சின். பேட்டரி முக்கால் பங்குவரை சீக்கிரம் ஏறிவிடும். கடைசிப் பங்கு மெள்ளத்தான் ஏறும். அதற்காக மணிக்கணக்கில் எஞ்சினை ஓட்டினால் எரிபொருள் தீரும். ஓட்டாமல் விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, பேட்டரி நாளுக்கு நாள் நோஞ்சானாகும்.

போட்டியை முடித்த அந்த ஒருவரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி', பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகு. அன்று பேட்டரியின் நிலையை அறிய ஹைட்ரோமீட்டரால் ஆசிடை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை 1.26-ஐ ஒட்டி நின்றால் முழு சார்ஜ், 1.15-க்கு வந்தால் ஏறக்குறைய காலி. அசையாத தரையிலேயே குழாயருகே கண்ணைக் கொண்டுபோய்த்தான் அதைப் படிக்க முடியும். படகு ஆடிய ஆட்டத்தில் பேட்டரி ஆசிட் தெறித்து நாக்ஸ்-ஜான்ஸ்டனின் கண்ணில் விழுந்தது. அவர் பாதியில் திரும்பவில்லை. பிறகு ரேடியோவில் பேசும் வசதியும் போயிற்று.

இன்னொரு போட்டியாளரான டொனால்ட் குரோஹர்ஸ்ட் மின்னணுத் தொழில் தெரிந்தவர். மேல்தள மூடி வழியே கடல்நீர் கசிந்து அவருடைய ஜெனரேட்டரையே நனைத்துவிட்டது. விளக்கும் ரேடியோவும் மட்டுமா போகும்? ரேடியோவில் வரும் நேரக்குறிப்பும் போகும். சரியான நேரம் தெரியாமல் தீர்க்கரேகையைக் கணக்கிட முடியாது. அதே போட்டியில் சென்ற பெர்னார் முவாத்தெசியேயோ ரேடியோ டிரான்ஸ்மிட்டரே வேண்டாம் என்று புறப்பட்டவர். செய்தி சொல்ல, எதிர்ப்பட்ட கப்பலின் தளத்துக்குக் கவட்டையால் சிறு டப்பாவை எறிந்தார்.

நாக்ஸ்-ஜான்ஸ்டனைப் பற்றி மாதக்கணக்கில் தகவலே இல்லை. 1969 ஏப்ரல் 6 அன்று அசோர்ஸ் தீவுகளை நெருங்குகையில் ஒரு எண்ணெய்க் கப்பலைப் பார்த்து, சிக்னல் விளக்கை அணைத்தணைத்து எரித்துத் தன் படகின் பெயரைச் சொன்னார். அவர் உயிரோடிருக்கிறார் என்று கரைக்குத் தெரிந்தது அந்த வெளிச்சத்தால்தான். ஏப்ரல் 22 அன்று ஃபால்மவுத் துறைமுகத்தை அடைந்தார்.

2018-இல் பழைய முறையிலேயே அதே போட்டி மறுபடி நடந்தது. சுஹைலியின் நகலாகக் கோவாவில் கட்டிய 'துரியா'வில் சென்ற அபிலாஷ் டோமி, இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். கையெட்டும் தூரத்தில் இருந்த சிறு செயற்கைக்கோள் கருவியில் எழுத்துச் செய்தி அனுப்பினார். பிரெஞ்சு ரோந்துக் கப்பல் வந்து மீட்டது.

இன்று சூரியத் தகடும் லித்தியம் பேட்டரியும் வந்துவிட்டன. படகில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. எவ்வளவு சேர்க்கலாம் என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எதற்காக மிச்சம் வைக்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. உதவி கேட்கும் கருவிக்கான சார்ஜைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் மற்றக் கணக்கைத் தொடங்க வேண்டும்.